பச்சை விளக்கு மட்டும்

"நாம பேசறது யாருக்கும் கேக்கலன்னா, அந்தப் பேச்சு எங்கப்பா போகும்?"

ராம்குமாரின் மகள் தீபிகா ஒருநாள் இப்படிக் கேட்டாள். அப்போது அவளுக்கு ஏழு வயது. பழுதுபார்க்க வந்திருந்த இரண்டு வாக்கி டாக்கிகளை வைத்துத் திருவான்மியூர் வீட்டு மொட்டை மாடியில் விளையாடிக்கொண்டிருந்தாள். "எங்க போகும்? காத்தோட போச்சு" என்று சிரித்துவிட்டு ராம்குமார் வேலையைப் பார்த்தான்.

அந்தக் கேள்வி நான்கு வருடம் கழித்து, தீபாவளிக்கு மறுநாள், தியாகராய நகரில் பூட்டிக் கிடந்த ஒரு துணிக்கடையின் மூன்றாவது மாடியில் அவனுக்கு நினைவு வந்தது. எதிரே இருந்த சார்ஜர் வரிசையில் இருபத்து மூன்று வாக்கி டாக்கி செட்டுகள் நின்றன. இருபத்து மூன்றின் தலையிலும் ஒரே நேரத்தில் பச்சை விளக்கு எரிந்தது. சத்தம் வரவில்லை. சிறிது நேரம் எரிந்துவிட்டு, எல்லாம் ஒன்றாக அணைந்தன.

பச்சை எரிந்தால் யாரோ பேசுகிறார்கள் என்று பொருள். கடையில் அவனைத் தவிர இருந்தது வாசலில் காவலுக்கு உட்கார்ந்திருந்த கிழவர் ஏழுமலை மட்டும்.

ராம்குமார் வரிசையிலிருந்து ஒரு செட்டை எடுத்து வாயருகே கொண்டுபோனான். "ஏழுமலை, இப்ப ஏதாவது பேசினீங்களா?"

"நா இன்னாத்துக்கு சார் பேசப் போறேன்? பச்சை லைட்டு எரிஞ்சுதா? என்கிட்ட கீற செட்லயும் எரியுது சார். ரெண்டு வாரமா இதே ரோதனை. லைட்டு வரும், சவுண்டு வராது. பேய் லைட்டுன்னு பேரு வச்சிட்டோம். மேனேஜர் ஒண்ணும் சொல்லலியா?"

"சொன்னார்" என்றான் ராம்குமார். அவர் சொன்னது வேறு.

கடை மேலாளர் வெள்ளைத்துரை காலையில் போனில் சொன்னது இவ்வளவுதான்: "தம்பி, அந்தப் பதினேழாம் நம்பரையும் மத்ததோட ஒண்ணாக்கிரு. நாளைக்குப் பத்து மணிக்கு விசாரணைக்கு ஆபீசர் வாராரு. அவரு பாக்கும்போது எல்லா செட்டும் ஒரே மாதிரி இருக்கணும். போட்டது ஒன் கைதாம்டே, மறந்துராத."

பதினேழாம் செட் பாலிதீன் உறையில், பாட்டரி கழற்றப்பட்டு, அவனுடைய மடிக்கணினிக்குப் பக்கத்தில் கிடந்தது.

அது தேவானையிடம் இருந்த செட். தேவானை கோவில்பட்டிப் பக்கத்துப் பெண், நாலாவது மாடிப் புடவை கோடவுனில் வேலை. ராம்குமார் அவளை ஒரே ஒரு நாள்தான் பார்த்தான். தீபாவளிக் கூட்டத்துக்காகப் புதுச் செட்டுகளைக் கணினியில் இணைத்து எண் எழுத வந்த நாள் அது. மதியம் சாப்பாடு தள்ளிப்போய், சர்க்கரை இறங்கி, கை நடுங்கி, சட்டை முழுக்க வியர்த்து அவன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். எத்தனையோ பேர் அவனைத் தாண்டிப் போனார்கள். அவள் மட்டும் நின்றாள். இடுப்பில் முடிந்து வைத்திருந்த கடலை மிட்டாயை எடுத்து இரண்டாக உடைத்தாள்.

"இந்தாங்கண்ணே, வாயில போடுங்க. பாதி ஒங்களுக்கு, பாதி எனக்கு. முழுசாக் குடுத்துட்டா எங்கம்மா ஏசும்."

அவள் சிரித்துக்கொண்டே போய்விட்டாள். அரை மணி கழித்து வெள்ளைத்துரை வந்து உட்கார்ந்தார். "பதினேழு யாருது? அந்தத் தேவானை செட்டா? எப்பப் பாத்தாலும் அண்ணாச்சி தண்ணி வரல, அண்ணாச்சி ஃபேன் ஓடலன்னு ஒரே ஒப்பாரி. அவ செட்டுக்கு வாயக் கட்டிரு. நாங்க சொல்லுதது அவளுக்குக் கேக்கட்டும். அவ பேசுதது ஒரு பயலுக்கும் கேக்கக் கூடாது. முடியுமாடே?"

முடியும். ஒவ்வொரு செட்டிலும் ஓர் எண் எழுதப்படும். பேசும் செட் அனுப்புகிற எண்ணும் கேட்கும் செட் எதிர்பார்க்கிற எண்ணும் ஒன்றாக இருந்தால்தான் ஒலி திறக்கும். இல்லாவிட்டால் பச்சை விளக்கு மட்டும் எரிந்து அணையும். கடைக்கு எண்பத்தெட்டரை. பதினேழாம் செட்டுக்குக் கேட்க எண்பத்தெட்டரை, பேச அறுபத்தேழு. ஒரு கட்டத்தில் ஓர் எண்ணை மாற்றினால் போதும். அவன் மாற்றினான். வெள்ளைத்துரை சிரித்தார். அவனும் கூடச் சிரித்தான். கடலை மிட்டாயின் வெல்லம் அப்போதும் அவன் பல்லிடுக்கில் இருந்தது.

பெரிய பாவங்களுக்கு மனிதன் கொஞ்சமாவது அஞ்சுகிறான். இதுபோன்றவற்றைச் சிரித்தபடியே செய்துவிடுகிறான்.

நான்கு நாள் கழித்து, மாலைக் கூட்டம் முட்டி மோதிய நேரத்தில், துணி மூட்டைகளை ஏற்றும் இரும்பு லிஃப்டில் தேவானை மூட்டையோடு ஏற்றி அனுப்பப்பட்டாள். நாலாவது மாடிக்கும் ஐந்தாவதுக்கும் நடுவில் அது நின்றுபோனது. ஜெனரேட்டர் இரைச்சலிலும் விளம்பரப் பாட்டிலும் அவள் தட்டியது யாருக்கும் கேட்கவில்லை. இரவில் ஆளைக் காணோம் என்றதும், எவன் கூடவோ ஓடிப்போயிருப்பாள் என்று செட்டிலேயே பேசிக்கொண்டார்கள். மறுநாள் காலை ஒன்பது மணிக்குக் கம்பியால் நெம்பித் திறந்தார்கள். உயிர் போயிருந்தது. கையில் செட் இருந்தது. வாக்கி கையிலயே இருந்தும் ஒரு தடவை கூடக் கூப்பிடலியே, ஏதோ காதல் விவகாரம் போல, தானா போய் உக்காந்திருப்பா என்று கடையே பேசியது. அவள் அம்மாவிடமும் அதையே சொன்னார்கள். அந்த அம்மாள் ஊருக்குத் திரும்பாமல் இன்னும் பெண்கள் விடுதி வாசலில் உட்கார்ந்திருப்பதாக ஏழுமலை காலையில் சொன்னார்.

நாளை ஆபீசர் வருவதற்குள் அந்த ஓர் எண்ணை மாற்றிவிட்டால், அவள் கூப்பிடவே இல்லை என்பதுதான் உண்மையாக நிலைக்கும்.

மறுபடி பச்சை எரிந்தது.

ஏசி நிறுத்தப்பட்ட தளத்தில் கஞ்சி போட்ட புதுத்துணியின் வாடையும் பூச்சி உருண்டையின் காரமும் கலந்து தொண்டையில் ஒட்டிக்கொண்டன. சன்னல் இல்லாத அந்த மாடியில் அவன் தலைக்கு மேல் எரிந்த ஒரே குழல்விளக்கைத் தாண்டி, புடவை கட்டிய பொம்மைகள் கைகளைப் பாதி உயர்த்தியபடி இருட்டுக்குள் வரிசையாகப் போயின. எங்கோ வெளியே மிச்சச் சரம் ஒன்று வெடித்து ஓய, மாம்பலத்தில் மின்சார ரயில் ஒன்று கிளம்பிப் போகும் சத்தம் தரை வழியாக வந்தது. அவன் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றான். முப்பது விநாடி. நாற்பது. ஐம்பது. அறுபதில் விளக்குகள் சட்டென்று அணைந்தன. மூன்று விநாடி இடைவெளி. மறுபடி எரிந்தன.

யாரும் அறுபது விநாடிக்கு மேல் தொடர்ந்து பேச முடியாதபடி வரம்பு வைத்ததும் அவன்தான்.

செட்டின் பக்கவாட்டில் ஒரு சின்னப் பொத்தான் உண்டு. அதை அழுத்திப் பிடித்தால் எண் பொருந்தாவிட்டாலும் எல்லாம் கேட்கும். அவன் கட்டைவிரல் அதன்மேல் இருந்தது. பாலிதீன் உறையைப் பார்த்தான். பதினேழு அதே இடத்தில், பாட்டரி இல்லாமல் கிடந்தது.

காலையில் மருந்தீஸ்வரர் சன்னதியில் திருநீறு வாங்கியபோது அவனால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. இப்போது கண்ணை மூடிக்கொண்டு பொத்தானை அழுத்தினான்.

இரைச்சல். இரைச்சலுக்குள் மூச்சு. யாரோ வாயை மிகக் கிட்டே வைத்துப் பேசும் மூச்சு.

"...நாலாவது மாடி தேவானை பேசுதேன். அண்ணாச்சி, லிஃப்டு நடுவுல நின்னுட்டு. மூச்சு முட்டுது அண்ணாச்சி. யாராச்சும் வாங்களேன். நீங்க பேசுததெல்லாம் எனக்குக் கேக்கு. நான் பேசுதது கேக்கலியா? நான் எவன் கூடயும் ஓடிப்போகல அண்ணாச்சி. அப்பிடிச் சொல்லாதீங்க. இங்கனதான் இருக்கேன். இங்கனதான்..."

அறுபது. அமைதி.

அவன் விரலை எடுக்கவில்லை.

"...ரேடியோ அண்ணன் வந்திருக்காகளா? பேய் லைட்டுன்னு வாச்மேன் தாத்தா சொன்னாரே. அண்ணே. அது பேய் இல்லண்ணே. நான்தான்."

செட் அவன் கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. போன் அடித்தது. வெள்ளைத்துரை.

"என்னடே, முடிஞ்சுதா?"

"இன்னும் கொஞ்ச நேரம் சார்."

"ஒரு நம்பர மாத்துததுக்கு இவ்வளவு நேரமா? அன்னிக்கு ஒரு நிமிசத்துல செஞ்ச."

ராம்குமார் போனை மேசையில் கவிழ்த்து வைத்தான். அழுகை வந்தது. ஓடிவிட வேண்டும் போல இருந்தது, ஓடவில்லை. பதினேழாம் செட்டில் பாட்டரியைப் பொருத்திக் கம்பியை மாட்டி, அதிலிருந்ததைப் படித்தான். திரையில் அறுபத்தேழு என்று நின்றது. அதை அப்படியே கணினியில் சேமித்தான். நாளைக்கு ஆபீசரிடம் இதைக் காட்டி, போட்டவன் நான், போடச் சொன்னவர் இவர் என்று சொல்லிவிடுவது. பிறகு அந்த அம்மாளிடம் போய், உங்கள் மகள் கூப்பிட்டாள், கடைசிவரை கூப்பிட்டாள் என்று சொல்வது.

பிறகு வரிசையிலிருந்து முதல் செட்டை எடுத்தான். அது கேட்கும் எண்ணை அறுபத்தேழு ஆக்கி எழுதினான். இரண்டாவது. மூன்றாவது. நாளை காலை ஒன்பது மணிக்குக் கடை ஆட்கள் ஒவ்வொருவர் இடுப்பிலும் அவள் பேசட்டும். கழற்றுவதும் மாட்டுவதும் எழுதுவதுமாகப் பிற்பகல் மூன்று மணிக்குமேல் ஆகிவிட்டது. இருபத்து மூன்றும் முடிந்தன. ஏழுமலையிடம் இருக்கும் செட் மட்டும் பாக்கி. இறங்கும்போது வாங்கி எழுதிக்கொள்ளலாம்.

"சார், நாலு மணிக்கு நா பூட்டிக்கினு கெளம்பணும். இப்ப முனைக்குப் போய் டீ குடிச்சுட்டு வரேன்" என்றது ஏழுமலையின் குரல், பதினேழிலிருந்து. அந்த செட்டுக்கு எல்லோர் பேச்சும் கேட்கும்.

அவன் பதில் சொல்லும்முன் இருபத்து மூன்று பச்சை விளக்குகளும் எரிந்தன.

இம்முறை எல்லாம் வாய் திறந்தன.

"அண்ணே. கேக்காண்ணே?"

ஒரே குரல், இருபத்து மூன்று இடத்திலிருந்து. அவன் பதினேழின் பேசும் பொத்தானை அழுத்தினான். "கேக்குதும்மா. எல்லாருக்கும் கேக்கும் இனிமே."

விசும்பல் போல ஒன்று.

"பசிக்குண்ணே."

அவள் மிட்டாய் கொடுத்த நாளிலிருந்து அவன் சட்டைப் பையில் எப்போதும் ஒரு கடலை மிட்டாய் இருக்கும். பேருந்து நிலையக் கடையில் வாங்குவது. அதைத் தொட்டுப் பார்த்தான். பயந்தவன்தான், ஆனாலும் தின்றதைத் திருப்பித் தராமல் எப்படிப் போவது? பதினேழைக் கையில் எடுத்துக்கொண்டு, போனை மேசையிலேயே விட்டுவிட்டு, படியேறினான்.

நாலாவது மாடி இருட்டு. லிஃப்டின் இரும்புக் கதவை அன்று நெம்பியபோது வளைந்தது, இன்னும் சரியாக மூடவில்லை. மேலே ஒரு கை நுழையும் அளவு இடைவெளி. அதற்குள்ளிருந்து அனல். வியர்வை, துருப்பிடித்த இரும்பு, புதுப்பட்டு.

"தேவானை" என்றான்.

உள்ளே, மேலே, ஏதோ நகர்ந்தது.

மிட்டாயைப் பிடித்தபடி கையை உள்ளே விட்டான். மணிக்கட்டு. முழங்கை. விரல்கள் வந்தன. நகம் உடைந்த விரல்கள். மெதுவாக, மரியாதையாக, மிட்டாயை வாங்கிக்கொண்டன.

பிறகு அவன் கையைப் பிடித்தன. விடவில்லை.

இழுத்தான். வளைந்த இரும்பு முழங்கையில் ஏறியது. இன்னும் இழுத்தான். ரத்தம் சட்டைக்குள் இறங்கியது. கத்தினான். வெளியே யாரோ மிச்ச வெடிகளைக் கொளுத்தினார்கள்.

மறுகையில் இருந்த பதினேழு பேசியது. "சார், மேல கீறீங்களா? சார்? நா டீக்கடைல இருந்தப்போ நீங்க எறங்கிட்டீங்க போல. சரி சார், லைட்டெல்லாம் அணைச்சுட்டுப் பூட்டிக்கறேன்."

ராம்குமார் பொத்தானை அழுத்தினான். "ஏழுமலை! நாலாவது மாடி! லிஃப்டுகிட்ட! ஏழுமலை!"

"அட, திரும்பவும் பேய் லைட்டு" என்றது ஏழுமலையின் குரல். "போ, போ. நாளைக்கு வா." கீழே இரும்பு ஷட்டர் இறங்கும் சத்தம், மாடி மாடியாக ஏறி வந்து நின்றது.

அவன் பொத்தானை விடவில்லை. மூன்றாவது மாடியில், யாருமில்லாத இருட்டில், இருபத்து மூன்று செட்டுகளும் அவன் குரலில் கத்தின. "கேக்குதா? யாருக்காவது கேக்குதா?" அறுபதாவது விநாடியில் ஒன்றாக நின்றன.

அந்த நிசப்தத்தில், கதவுக்கு அப்பால், எதையோ பட்டென்று இரண்டாக உடைக்கும் சத்தம்.

பிறகு அவனுடைய பிடிபட்ட உள்ளங்கையை அவள் மெல்லத் திறந்து, பாதியை வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினாள்.