கடல் எந்தப் பக்கம்?

சில்யாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அவள் மடியில் வெள்ளைப் புர்னூஸ் இருந்தது. மாப்பிள்ளை வீட்டார் கொண்டுவரும் அந்தக் கம்பளி அங்கியைப் போர்த்திய பிறகுதான் மணப்பெண் தன் பிறந்த வீட்டு வாசலைத் தாண்டுவாள். அண்ணன் கல்யாணத்தில் சில்யாவின் பொறுப்பு அது.

"மாமா, பன்னிரண்டு மணிக்குள்ள போயிடுவோமா?"

"இதோட பத்துத் தடவை கேட்டுட்டே!" என்றார் காரோட்டிய மொக்ரான் மாமா.

அவர்கள் ஊரான பெஜாயாவிலிருந்து மணப்பெண்ணின் ஊரான ஜிஜெலுக்குப் போகும் கடலோரச் சாலை அது. இடப்பக்கம், சில்யாவின் ஜன்னலுக்குக் கீழே கடல். முன்னால் பதினான்கு கார்கள் ஹாரன் அடித்துக்கொண்டு போயின. அவள் பக்கத்தில் வர்தியா அத்தை வளைவுக்கு வளைவு குலவையிட்டாள்.

படம் எடுப்பதற்காகப் பாறை முனையில் எல்லோரும் நின்றார்கள். அங்கே இன்னொரு கல்யாணக் கூட்டமும் நின்றது. ஒரு குரங்கு மாமாவின் கார் ரிப்பனைப் பிடுங்கிக்கொண்டு ஓடியது. மாமா அதைத் துரத்திவிட்டு வெறுங்கையோடு திரும்பும்போது ஹாரன்கள் முழங்கின.

"ஐயோ, கிளம்பிட்டாங்க!" மாமா காரைத் திருப்பி, ரிப்பன் கட்டிய கார்களுக்கு நடுவே நுழைந்தார்.

சிறிது நேரத்தில் சில்யா நெளிந்தாள். அவள் ஜன்னலில் வெறும் பாறைதான் தெரிந்தது.

"மாமா, கடல் இடம் மாறிடுச்சு!"

"கடலுக்குக் காலா இருக்கு? பேசாம வா."

"இப்ப அத்தை பக்கம் இருக்கு, பாருங்க!"

"இருந்தா இருக்கட்டுமே," என்றாள் அத்தை. "நானும் கொஞ்சம் பார்த்துக்கறேன்."

"அத்தை! வீட்ல இருந்து கிளம்பினதுல இருந்து கடல் என் பக்கம்தான். இப்ப நாம பெஜாயாவுக்கே திரும்பிப் போறோம்! முன்னாடி போறது வேற கல்யாணம்!"

மாமா வலப்பக்கம் பார்த்தார். அத்தையின் குலவை பாதியில் நின்றது.

அடுத்த அகலமான இடத்தில் மாமா காரைத் திருப்பினார். பின்னால் வந்த காரிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்து, "எங்க போறீங்க? சாப்பாடு இந்தப் பக்கம்!" என்று கத்தினார்.

பன்னிரண்டேகாலுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். வாசலில் மணப்பெண் கண் கலங்க நின்றிருந்தாள். சில்யா ஓடிப்போய் எம்பி புர்னூஸைப் போர்த்திவிட்டாள்.

"ஏன் இவ்வளவு நேரம்?" என்று மணப்பெண் கிசுகிசுத்தாள்.

"குரங்கும் மாமாவும் சேர்ந்து செஞ்ச வேலை, அண்ணி."

மணப்பெண் சிரித்தபடியே வாசலைத் தாண்டினாள்.

திரும்பும்போது மாமா சாவியைப் போட்டுவிட்டுக் கிளம்பாமல் உட்கார்ந்திருந்தார்.

"கேப்டன், இப்ப கடல் எந்தப் பக்கம் இருக்கணும்?"

"அத்தை பக்கம், மாமா."

அத்தை அதற்குள் ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டாள்.