தொண்ணூற்றொன்பதைக் காட்டிய சரித்திரமானி

சரித்திரமானி எழுபத்தொன்றைத் தாண்டியதும் கோவை பேஸ்பால் மைதானத்துக்கு மேலே பறக்கும் வாடகை வண்டிகள் ஈசல்போல மொய்க்கத் தொடங்கின. எண் ஏறினால் பாதி ஊர் இப்படித்தான் போட்டது போட்டபடி கிளம்பி வரும்.

பந்து எறியும் மேட்டில் நின்ற இளம்பரிதி மட்டும் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. பதினாறு வருடத் தொழில்முறை ஆட்டத்தில் அவன் பெயரை யாரும் தனியாகச் சொன்னதில்லை. தோள்பட்டை இந்தப் பருவத்தோடு சரி என்று வைத்தியரும் சொல்லிவிட்டார். இன்றோ கடைசி இன்னிங்ஸ் வரை தூத்துக்குடி அணியில் ஒருவனைக்கூட அவன் முதல் தளத்தை மிதிக்க விடவில்லை. இன்னும் ஒரே ஒரு ஆளை வெளியேற்றினால் அது பழுதில்லா ஆட்டம். பெரிய பெரிய எறிவாளர்களுக்கே ஆயுளில் ஒரு முறை வாய்த்தால் உண்டு.

அப்படி ஒரு ஆட்டம் நடக்கும்போது எறிபவனிடம் அதைப் பற்றி மூச்சு விடக்கூடாது என்பது பேஸ்பாலின் பழைய நம்பிக்கை. அவனுடைய நொய்யல் அணியில் ஐந்தாவது இன்னிங்ஸிலிருந்தே அவன் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. இந்த நாகரிகம் தெரியாதது சரித்திரமானி ஒன்றுதான்.

இந்த ஆட்டத்தை நூறு வருடம் கழித்தும் ஜனங்கள் பேசுவார்களா என்பதை நூற்றுக்கு இத்தனை என்று சொல்லி, முடிவில் நிலைக்கப்போகும் பெயரையும் அறிவிக்கும் யந்திரம் அது. பேப் ரூத்தின் அடிகள், ஜாக்கி ராபின்சன் முதன்முதலாகக் களமிறங்கிய பகல், உலகத் தொடரில் டான் லார்சனின் பழுதில்லா ஆட்டம் என்று எல்லாவற்றையும் ஊட்டி அதை வளர்த்திருந்தார்கள். பழைய ஆட்டங்களை வைத்துச் சோதித்தபோது ஒரு தடவைகூட அது தவறவில்லை.

பந்து பிடிக்கும் ரங்கதுரை முகமூடியைக் கழற்றிக்கொண்டு மேட்டுக்கு ஓடி வந்தான்.

“அண்ணா, நான் எதுவும் சொல்ல வரலீங்க. சும்மா காத்தாட வந்தேன்.”

“காத்தாட வர்ற எடமாடா இது?”

“அப்ப ராத்திரிக்கு என்ன சாப்பாடுன்னு பேசலாமுங்களா?”

“அந்தப் பொட்டி எவ்வளவு காட்டுது, அதைச் சொல்லு.”

ரங்கதுரை அவசரமாக முகமூடியை மாட்டிக்கொண்டான். அவன் சொல்லாததை மைதானமே சேர்ந்து கத்தியது: “தொண்ணூத்தொம்போது!”

இளம்பரிதி எறிந்தான். மட்டையாளன் சுழற்றினான். பந்து மேலே எழும்பி, வேலியோரம் நின்ற கனகசபையை நோக்கி நிதானமாக இறங்கியது. தூக்கத்தில்கூடப் பிடித்துவிடக்கூடிய பந்து. கனகசபை கையுறையை உயர்த்தினான். எதிரே பார்வையாளர் மாடத்துக்கு மேலே சரித்திரமானி. எண் நூறாகும் கணத்தைத் தன் கண்ணாலேயே பார்த்துவிட அவனுக்கு ஆசை. ஒரே ஒரு நொடி கண்ணை அங்கே திருப்பினான்.

பந்து அவன் உச்சந்தலையில் ‘ணங்’கென்று விழுந்து, துள்ளி, வேலியைத் தாண்டிப் போனது.

நடுவர் விரலைச் சுழற்றினார். ஹோம் ரன்! தூத்துக்குடிக்கு ஓர் ஓட்டம்; பழுதில்லா ஆட்டம் அதோடு போயிற்று.

மானி நூறைத் தொட்டது. பெருமை வேறு, அவமானம் வேறு என்று அதற்கு யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை. தன்னை அண்ணாந்து பார்க்கும் கண்களையும் சேர்த்தே அது கணக்குப் போட்டிருந்தது.

கனகசபை அழாத குறையாக ஓடி வந்தான். “அண்ணா, என்னைக் கொன்னு போடுங்க!”

இளம்பரிதி அவன் தொப்பியைத் தூக்கிப் பார்த்தான். கொழுக்கட்டை அளவுக்கு வீங்கியிருந்தது. கோபப்படத்தான் வாயைத் திறந்தான், சிரிப்புதான் வந்தது. “எத்தனை பந்து எறிஞ்சிருக்கேன்டா! ஒண்ணுகூட இவ்வளவு அழகாப் போனதில்ல. போ, நில்லு. முடிச்சிடலாம்.”

அடுத்தவனை மூன்றே பந்தில் வெளியேற்றினான். இரண்டுக்கு ஒன்று என நொய்யல் அணி வென்றது.

அதன் பிறகு மானி, நூறு வருடம் நிலைக்கப்போகும் பெயரை அறிவித்தது. இளம்பரிதி முதல் முறையாக அண்ணாந்து பார்த்தான். அவன் பெயர் இல்லை. கனகசபையின் பெயரும் இல்லை. ஆள் உயர எழுத்தில் ‘சரித்திரமானி’ என்றிருந்தது.

“ஆடினது நாம, பேரு அதுக்குங்களா?” ரங்கதுரை கொதித்தான். “நாளைக்கே கழட்டி எறியச் சொல்றேன் பாருங்க!”

கனகசபை தலையைத் தடவிக்கொண்டே சொன்னான்: “கழட்டாதீங்ண்ணா. கழட்டினா அதையுமில்ல சேர்த்துப் பேசுவாங்க!”