நனைந்த இடங்களில் உயரமானது

வண்டியில் ஒரு சொட்டுப் பெட்ரோல் கிடையாது. மூக்கன் தன் கையாலேயே அதை வடித்தெடுத்து, டேங்க் மூடியைத் திறந்து காயவிட்டு, பழைய போர்வை ஒன்றைப் போர்த்தி, பைக்கை முன்னறையில் நிறுத்தி இரண்டு வருஷம் ஆகப்போகிறது. அதனால், பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த மனைவி கையைத் துடைத்தபடி வந்து முன்னறையில் பெட்ரோல் வாடை அடிக்கிறது என்று சொன்னபோது அவனுக்குச் சிரிப்புத்தான் வந்தது.

சிரித்த வாய் மூடுவதற்குள் எரிச்சலும் வந்தது. மூக்கன் என்ற பேர் அவனுக்கு மூக்கு பெரிதாக இருந்து வந்ததல்ல. சைலன்சர் புகையை ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, ஆயில் எரிகிறதா, பிளக் போயிருக்கிறதா என்று இன்ஜினைத் தொடாமலே சொல்லிவிடுவான். பட்டறைக்கு வருகிறவர்கள் ஆசையாக வைத்த பேர் அது. போன வருஷம் ஒரு காய்ச்சல் வந்தது, போகும்போது வாசனையையெல்லாம் வழித்துத் துடைத்து எடுத்துக்கொண்டு போய்விட்டது. பால் பொங்கிக் கருகினாலும் அவனுக்குத் தெரியாது. பேர் மட்டும் மிச்சம். பட்டறையில் ஒருத்தருக்கும் அவன் இதைச் சொல்லவில்லை. மனைவிக்குத் தெரியும், ஆனால் அவள் அதைச் சொல்லிக் குத்திக்காட்டுகிறவள் இல்லை.

வண்டி அவளுடைய தம்பியுடையது. தாய் தகப்பன் இல்லாமல் அக்கா கையில் வளர்ந்தவன், அக்காவுக்குக் கல்யாணமான பிறகும் இவர்களோடேயே இருந்தவன், பெயிண்ட் குடோனில் வேலை பார்த்தவன். குடோன் தீப்பிடித்த அன்று வண்டியை வீட்டில் விட்டுவிட்டுக் கம்பெனி வேனில் போயிருந்தான். பெயிண்டில் கலக்கிற தின்னர் அவன் மேலேயே கொட்டிப் பற்றியிருந்தது. ஆஸ்பத்திரியில் கடைசிவரைக்கும் அக்காதான் கூட இருந்தாள். அதற்கப்புறம் வண்டியை விற்றுவிடலாமா என்று மூக்கன் ஒரே ஒரு தடவை வாயைத் திறந்தான். அவள் அன்றைக்கு முழுக்கப் பச்சைத்தண்ணீர் குடிக்காமல் கிடந்தாள். வெளியே நின்றால் மழையில் துருப்பிடிக்கும் என்று சோபாவை ஓரமாகத் தள்ளி முன்னறையில் இடம் பண்ணியதும் அவள்தான்.

வாடை என்று அவள் வந்து சொன்ன அன்றைக்கும் மழைதான். விளக்கு வைக்கிற நேரம். தெருவில் ஒரு ஈ காக்கை இல்லை. சரி, பார்த்துத் தொலைப்போம் என்று போர்வையை விலக்கி, டார்ச்சைப் பிடித்து, வண்டிக்கு அடியில் தரையில் கையை வைத்தான்.

சுருக்கென்று குளிர்ந்தது.

மூக்கு போன நாளிலிருந்து அவனுக்குக் கைதான் மூக்கு. தண்ணீர் பட்டால் வெறுமனே நனையும். பெட்ரோல் பட்டால் ஐஸ் வைத்தது போல ஒரு குளிர் குளிரும், துடைப்பதற்குள் காய்ந்துபோகும். புறங்கையைப் பெட்ரோல் டியூப் மேலே ஓட்டிக்கொண்டே போய் எந்த இடத்தில் குளிர்கிறது என்று பார்த்து ஓட்டையைக் கண்டுபிடிக்கப் பழகியிருந்தான். அந்தப் புறங்கை இப்போது பொய் சொல்லவில்லை. தரையில் ஒரு தாம்பாளம் அளவுக்குக் குளிர் பரவிக் கிடந்தது.

சட்டென்று எழுந்தான். உள்ளறையில் காய்ச்சலோடு படுத்திருக்கிறது மகள். தகரக் கூரை போட்ட சின்ன வீடு, பின்பக்கம் வாசலே கிடையாது. பெட்ரோல் ஆவி தரையோடு தரையாக ஊர்ந்து போகும், எங்கேயாவது ஒரு பொறி பட்டால் போதும். வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் அவனுக்குத் தெரியும். நனைந்துகொண்டே வெளியே ஓடி, வாசல் சுவரில் இருந்த மெயின் சுவிட்சை இறக்கினான். வீடு இருண்டது. சாமான் அலமாரியிலிருந்த தீப்பெட்டியைத் தேடி எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். மெழுகுவத்தி கூடாது, அடுப்பு கூடாது, நான் சொல்கிறவரைக்கும் பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார் என்று மனைவியிடம் சொல்லிவிட்டு வந்தான். மழையில் குழந்தையை எங்கே தூக்கிக்கொண்டு நிற்பது, பத்து நிமிஷ வேலை, முடித்துவிடலாம் என்றுதான் நினைத்தான். முதலில் வாசல் கதவை விரியத் திறந்து வைத்து வண்டியை வெளியே தள்ளப் பார்த்தான். பிரேக் கட்டை துருப்பிடித்து டிரம்மோடு ஒட்டிக்கொண்டிருந்தது. முன்சக்கரம், பின்சக்கரம் இரண்டுமே, தலைகீழாக நின்றாலும் ஒரு இஞ்ச் நகரவில்லை.

டேங்க் மூடியைத் திறந்தான். உள்ளே டார்ச் வெளிச்சத்தில் பழுப்புத் துரு, பொடிப்பொடியாக, காய்ந்துபோய்க் கிடந்தது. ஒரு குச்சியை விட்டு எடுத்தான். குச்சி காய்ந்தே வந்தது. டேங்கைத் தட்டினான், வெறும் டப்பா சத்தம். பெட்ரோல் இல்லாத வண்டியிலிருந்து பெட்ரோல் ஒழுகுவதாவது. ஆனால் கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தில் ஒரு துளி தொங்கிக்கொண்டிருந்தது, அவன் பார்க்கப் பார்க்கக் கனத்து, விழுந்தது.

ஒழுக்கைப் பிடிக்க ஒரே ஒரு வழிதான் உண்டு. சொட்டுகிற இடத்தைப் பார்த்து ஏமாறக்கூடாது. எங்கேயோ மேலே கசிந்தது எதன் மேலெல்லாமோ வழிந்து வந்து, தோதான மூலை பார்த்துச் சொட்டும். நனைந்த இடங்களிலேயே உயரமானது எது? ஓட்டை அங்கே இருக்கும். மூக்கன் பழைய பனியன் துணியால் வண்டி முழுவதையும் மேலிருந்து கீழ்வரை துடைத்துக் காயவிட்டான். மகளுடைய பவுடர் டப்பாவைக் கொண்டுவந்து, டியூப், டேங்க், சீட் என்று ஒரு இடம் விடாமல் தூவினான். ஈரம் எங்கே முதலில் பூக்கிறதோ அங்கே பவுடர் கறுக்கும். பிறகு குத்துக்காலிட்டு உட்கார்ந்து காத்திருந்தான். மழை தகரத்தில் விடாமல் கொட்டிக்கொண்டிருந்தது, திறந்த கதவு காற்றில் முனகிக்கொண்டிருந்தது, பவுடர் வாசனையும் அவனுக்கு வரவில்லை, பெட்ரோல் வாசனையும் வரவில்லை, கண் தெரியாதவன் சாலையைக் கடக்கிற மாதிரி இருந்தது.

உள்ளேயிருந்து மனைவியின் குரல் கேட்டது. இப்போது வாடையே இல்லையாம், விட்டுவிட்டு வரச் சொன்னாள், பாப்பாவுக்கு இருட்டு பயமாக இருக்கிறதாம்.

அதைக் கேட்டு அவனுக்கு நிம்மதி வரவில்லை, பயம்தான் கூடியது. பெட்ரோலுக்கு மூக்கு பழகிவிடும். பட்டறைக்குப் புதிதாக வருகிறவன் அரை மணி நேரம் மூக்கைப் பொத்துவான், அப்புறம் அவனுக்கு ஒன்றுமே தெரியாது. மகளுக்கோ சளியில் மூக்கு அடைத்துக் கிடக்கிறது. ஆக, வீட்டில் இருந்த ஒரே மூக்கும் போயிற்று. இனி எவ்வளவு கசிந்தாலும் சொல்ல ஆள் இல்லை.

கார்புரேட்டர் மேலே பவுடர் கறுத்தது. உள்ளே மிதக்கிற ஃப்ளோட் மாட்டிக்கொண்டிருக்கும் என்று ஸ்க்ரூடிரைவர் பிடியால் இரண்டு தட்டுத் தட்டினான். இல்லை, அதற்கு மேலே டியூபும் கறுத்துக்கொண்டு வந்தது. அப்படியானால் டேங்குக்கு அடியில் இருக்கிற பெட்ரோல் டேப். டேப்பைத் திருகி மூடினான். டேப்புக்கு மேலே டேங்கின் அடிப்பகுதி. துரு தின்ற பற்றவைப்பு, அதுதான், அதுவாகத்தான் இருக்க வேண்டும் என்று மனசுக்குள் கெஞ்சினான். புறங்கையை வைத்தான். குளிர்ந்தது. இன்னும் மேலே வைத்தான். அங்கேயும் குளிர்ந்தது.

டேங்கின் இரண்டு பக்கமும், ஓட்டுகிறவன் முட்டியால் அணைக்கிற இடத்தில், பவுடர் கறுத்திருந்தது. இரண்டு பக்கமும் ஒரே அளவு.

டார்ச்சை உயர்த்தினான். டேங்குக்கு மேலே எங்கிருந்து வரும்? மேலே தகரக் கூரையில் ஏதாவது ஒழுகுகிறதா என்று பார்த்தான். கூரை காய்ந்திருந்தது. ஹேண்டில்பாரைப் பார்த்தான். வலது கைப்பிடியில் ஈரம். இடது கைப்பிடியில் ஈரம். கிளட்ச் கம்பியில் நாலு விரல் பதிகிற இடத்தில் மட்டும் ஈரம். கம்பி நுனியிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது.

சீட்டில் தூவின பவுடர் நடுவில் இல்லவே இல்லை. வழித்த மாதிரி இருந்தது. விளிம்பில் சுற்றிலும் வெள்ளை, நடுவில் கறுப்பு. கறுப்பு பளபளத்தது.

நனைந்த இடங்களிலேயே உயரமானது எது?

கையை நீட்டினான். சீட்டுக்கு மேலே, ஒன்றுமே இல்லாத இடத்தில், ஒரு சாண் உயரத்தில், காற்று குளிர்ந்தது. இன்னும் ஒரு முழம் மேலே. அங்கேயும். அவன் கழுத்து உயரத்தில். அங்கேயும்தான்.

கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான். ஓடவும் தோன்றவில்லை, கத்தவும் தோன்றவில்லை. டார்ச் மட்டும் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தது. அப்போது பின் ஷாக் அப்சார்பர் இரண்டும் கிறீச்சிட்டுக்கொண்டு மெல்ல மேலே எழும்பின. சீட் ஒரு இஞ்ச் உயர்ந்து நின்றது. யாராவது இறங்கினால் எழும்புமே, அப்படி.

கைப்பிடிகள் காய ஆரம்பித்தன. சீட் காய்ந்தது. டேங்கின் கறுப்பு வெளுத்தது. அவ்வளவு நேரம் தேடிய ஒழுக்கு, நின்றுவிட்டது.

நின்றுவிட்டது என்றால், எங்கே போயிற்று?

செருப்பில்லாத காலால் தரையைத் தடவினான். வாசல் பக்கம் மழைத்தண்ணீர், வெறும் ஈரம். சோபா பக்கம் காய்ந்த தரை. உள்பக்கம் காலை வைத்தான். சுருக்கென்றது. ஒரு எட்டு வைத்தான். சுருக்கென்றது. சமையலறை வாசலைத் தாண்டியும் குளிர் போனது. சுவரைத் தொட்டான், தோள் உரசுகிற உயரத்தில் ஒரு கோடு, நீளத்துக்குக் குளிர்ந்துகொண்டே போனது. இவர்கள் இரண்டு பேரையும் அப்போதே மழையில் இழுத்துக்கொண்டு போய் நிறுத்தியிருக்கக் கூடாதா, நனைந்தால் என்ன, காய்ச்சல் ஏறினால் என்ன, உயிர் இருக்குமே என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. உள்ளறைக் கதவுத் தாழ்ப்பாளில் கை வைத்தான்.

ஐஸ்.

உள்ளே டார்ச்சை அடித்தான். இரண்டு பேரும் இருந்தார்கள். அவன் வைத்துவிட்டுப் போன இடத்திலேயே, கட்டிலில், சுவரில் சாய்ந்துகொண்டு, மடியில் மகளோடு. ஒரு நொடி உயிர் திரும்பி வந்தது. பிறகுதான் பார்த்தான். மகளுடைய தலைமுடி நனைந்து நெற்றியில் ஒட்டியிருந்தது, யாரோ தடவித் தடவிவிட்டது போல. மனைவியின் சேலையில், தோளில், ஒரு தலை சாய்ந்திருக்கிற அளவுக்கு ஈரம்.

அவள் முகம் அழுது ஓய்ந்த முகமாக இருந்தது, ஆனால் சந்தோஷமாக இருந்தது. இந்த இரண்டு வருஷத்தில் அவன் அப்படிப் பார்த்ததில்லை.

"சத்தம் போடாதீங்க" என்றாள் மெதுவாக. "தம்பி வந்திருக்கான்."

அவன் கட்டிலை நோக்கிப் பாய்ந்தான். மகளை மடியிலிருந்து அள்ளினான். பிள்ளையின் உடுப்பு முழுக்க நனைந்து, கை பட்ட இடமெல்லாம் குளிர்ந்தது. இன்னொரு கையால் மனைவியின் மணிக்கட்டைப் பிடித்து எழுப்பினான். அவள் எழுந்து வந்தாள், பிடிவாதம் ஒன்றும் பண்ணவில்லை. தூக்கத்தில் பேசுகிறவள் மாதிரி சொல்லிக்கொண்டே வந்தாள்.

"குளிருது குளிருதுன்னு நடுங்கறான் புள்ள. ஆஸ்பத்திரியிலயும் இதையேதான் சொல்லிக்கிட்டே கிடந்தான். உடம்பெல்லாம் வெந்து போயி, குளிருது அக்கான்னான். அப்ப என்னால ஒண்ணும் செய்ய முடியல."

"எங்க அவன்?"

"அடுப்பைப் பத்த வச்சுக் குளிர் காஞ்சுக்கோடான்னு அனுப்பியிருக்கேன்."

மூக்கனின் கை சட்டைப் பைக்குப் போனது. தீப்பெட்டி இருந்தது. கெட்டியாக இருந்தது. ஒரு மூச்சு விட்டான். இன்னும் நாலு எட்டு. சமையலறை வாசலைக் கடந்தால் முன்னறை, முன்னறையைக் கடந்தால் மழை.

டக்.

கேஸ் லைட்டர். அடுப்புக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்குகிற லைட்டர். தீப்பெட்டியைத் தேடினவன் அதை நினைக்கவே இல்லை.

டக்.

சமையலறை வாசலில் ஒரு கணம் நீலமாக மின்னி அணைந்தது. அந்த ஒரு கணத்தில் அடுப்பு மேடையைப் பார்த்துக் குனிந்த ஒரு முதுகு. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டு சொட்டியது. லைட்டரைப் பிடித்த கை வெடவெடவென்று ஆடியது.

மூக்கன் மகளை நெஞ்சோடு அணைத்து, முதுகைச் சமையலறைப் பக்கம் திருப்பினான். அப்போதுதான் அவன் சட்டையும் குளிர்ந்தது. காலும் குளிர்ந்தது. இவ்வளவு நேரம் துடைத்ததெல்லாம் அவன் மேலேயே இருந்தது.

டக். டக்.

மனைவி நின்றுவிட்டாள். பிடித்த கை அவன் பிடியிலேயே இருக்க, தலையை மட்டும் சமையலறைப் பக்கம் திருப்பினாள். இருட்டில் சின்னப் பிள்ளை சட்டைப் பொத்தான் போடத் தெரியாமல் முழிப்பதைப் பார்க்கிறவள் குரலில், அவன் வாயைப் பொத்துவதற்குள், சொல்லிவிட்டாள்.

"முதல்ல கேஸைத் திற சாமி. அப்புறம் பத்த வை."

உள்ளே திருகு ஒன்று மெல்லத் திரும்பியது. ஸ்ஸ்ஸ் என்று சத்தம் எழுந்தது. நீல மின்னல் ஒன்று மறுபடி வெட்டியது. அதில் அந்த முதுகு இல்லை, அக்கா பக்கமாகத் திரும்பி நின்ற முகம் இருந்தது, தாடையிலிருந்து சொட்டிக்கொண்டு, நன்றியோடு சிரித்துக்கொண்டு, கட்டைவிரலை மறுபடியும் லைட்டரின் மேலே வைத்துக்கொண்டு.