ஒரே அச்சில் இரண்டு துப்பாக்கி!

செல்போன் அலறியது.

விசாரணைக் குழுவின் அறைக்கு வெளியே, வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்த தோட்டாக்கா எடுத்தாள். துப்பாக்கி, தோட்டா தவிர வேறு பேச்சே கிடையாது என்பதால் தடயவியல் ஆய்வகத்தில் வைத்த பெயர் அது.

மறுமுனையில் அவளுடைய உதவியாளன். மூச்சு இரைத்தது.

"அக்கா... தப்பு நடந்துபோச்சு!"

"என்ன தப்பு? நிதானமா சொல்லு."

"கோர்ட்டுக்கு அனுப்பறதுக்காகக் கொலைக் கேஸ் பெட்டியைத் திறந்தேன். உள்ளே... உள்ளே இருக்கறது பொம்மைக்கா!"

தோட்டாக்கா போனைக் காதோடு அழுத்தினாள்.

"அப்ப நிஜத் துப்பாக்கி?"

"காலையில கிளப்காரங்ககிட்ட மாத்திக் குடுத்துட்டேன் போலிருக்கு. ரெண்டும் ஒரே அச்சு! நேத்து டெஸ்ட்டுக்குப் போட்ட தோட்டா வேற உள்ளேயே இருக்குக்கா!"

போனை அணைக்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

கிளப்காரர்கள் இருப்பது வேறெங்கோ அல்ல... அந்த மூடிய கதவுக்கு அந்தப் பக்கம்!

ஏர்சாஃப்ட். பிளாஸ்டிக் குண்டு சுடும் விளையாட்டுத் துப்பாக்கி. எடையில், நிறத்தில், பிடியில் அப்படியே அசல். அதனாலேயே தடை. தடையை நீக்கி, லைசென்ஸ், வயது வரம்பு, முனையில் ஆரஞ்சு வண்ணம் என்று விதிகளோடு அனுமதிக்கலாமா என்றுதான் உள்ளே விசாரணை. சிறப்பு அனுமதியோடு ஏர்சாஃப்ட் கிளப் கொண்டுவந்த ஒரே ஒரு மாதிரியைச் சோதித்தது அவளுடைய ஆய்வகம். 'கூடவே கூடாது' என்று சாட்சி சொல்ல வந்தவள் அவள்.

எழுந்து பாய்ந்தாள்.

வாசல் காவலர் கையை நீட்டினார்.

"கூப்பிட்டாத்தான் உள்ள போகணும்மா."

"தள்ளுய்யா! உள்ளே ஒரு உயிர் போகப் போகுது!"

கதவு படீரென்று திறந்தது.

அறை நடுவே கிளப் தலைவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார். எதிரே அவருடைய மருமகன். கையில் கறுப்புத் துப்பாக்கி. மேஜைக்குப் பின்னால் குழுத் தலைவியான நீதிபதியம்மா.

"எறும்பு கடிச்ச மாதிரிதாம்மா இருக்கும்," என்று தலைவர் முழங்கிக்கொண்டிருந்தார். "விதி எத்தனை வேணும்னாலும் போடுங்க. தடை மட்டும் வேணாம். நீங்களே பாருங்க... சுடுங்க மாப்ளே!"

மருமகனின் விரல் மடங்கியது...

"சுடாதீங்க!"

தோட்டாக்கா குறுக்கே பாய்ந்தாள்.

டப்!

காது மடலில் சுரீர் என்றது. வெள்ளைக் கோட்டில் ரத்தம் சொட்டியது. கண்களை இறுக மூடிக்கொண்டாள். மகளின் முகம் வந்து போனது.

உயிர் போகவில்லை!

கண்ணைத் திறந்தாள். காலடியில் ஒரு வெள்ளை பிளாஸ்டிக் குண்டு உருண்டுகொண்டிருந்தது.

யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"என்னம்மா நீங்க?" தலைவர் பதறினார். "நான் பெத்த பொண்ணுகூட எனக்காக இப்படிப் பாய்ஞ்சதில்லை!"

அவள் காதில் அது விழவில்லை. துப்பாக்கியைப் பிடுங்கித் திருப்பிப் பார்த்தாள்.

"இது உங்க துப்பாக்கிதானா?"

"சந்தேகமென்ன? அடியில நான் போட்ட கீறல் இருக்கு பாருங்க."

"லேபுக்கு வேற ஏதாவது குடுத்தீங்களா?"

"என்கிட்ட இருந்ததே இது ஒண்ணுதாம்மா!"

இங்கே மாறவில்லை. அப்படியானால் பெட்டிக்குள் இருக்கும் பொம்மை? அது எங்கிருந்து முளைத்தது?

பூட்டிய பெட்டி. சாவியைக் காலையில் வாங்கிக்கொண்டது ஒரே ஒருவன்...

பொறி தட்டியது.

'மாத்திக் குடுத்துட்டேன்' என்பது பொய். அசலைச் சுருட்டிக்கொண்டு, திருட்டுத்தனமாக வாங்கிய பொம்மையைப் பெட்டியில் போட்டுவிட்டான். பழி கிளப் மேல். கூடவே அவள் தலைமேல்!

துப்பாக்கியோடு வெளியே ஓடினாள்.

"மேடம்! அதைத் தெருவுக்கு எடுத்துட்டுப் போனா குத்தம்!" மருமகனின் குரல் பின்னாலேயே துரத்தியது.

தெருவைக் கடந்தால் ஆய்வகம். கொலைக் கேஸ் இன்ஸ்பெக்டருக்கு ஓடிக்கொண்டே போன் போட்டாள்.

"சார், லேப் பின் கேட்டுக்கு வாங்க... கேள்வி அப்புறம், முதல்ல வாங்க!"

பின்பக்க வண்டி ஷெட்டில் உதவியாளன் பைக்கைக் கிளப்பிக்கொண்டிருந்தான். தோளில் சாப்பாட்டுப் பை.

"எங்கே தம்பி அவசரமா?"

திரும்பினான். முகம் வெளுத்தது.

"அக்கா... உங்களைப் பார்க்கத்தான்..."

"பையைக் கீழே வை."

ஒரு கணம்தான். பைக்குள் போன கை துப்பாக்கியோடு வெளியே வந்தது.

"வழி விடுங்கக்கா! கொலைக் கேஸ்ல உள்ள இருக்கறது என் தங்கச்சி வீட்டுக்காரன். இது கோர்ட்டுக்குப் போச்சுன்னா ஆயுசுக்கும் வெளிய வரமாட்டான். ரெண்டு சின்னக் குழந்தைங்கக்கா... அதுங்க என்ன பாவம் பண்ணுச்சு?"

"செத்துப்போனவனுக்கும் குழந்தை இருக்குடா."

"சுட்டுடுவேன்!"

அவன் கை நடுங்கியது. நடுங்கும் கைதான் தெரியாத்தனமாகச் சுடும். அது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

ஆனாலும் தன் கையிலிருந்ததை நிதானமாக உயர்த்தினாள்.

"சுடேன், பார்க்கலாம். உன் பொய் பலிச்சிருச்சு தம்பி."

"என்ன?"

"காலையில பதட்டத்துல நிஜமாவே மாத்திட்டே. ஒண்ணு கிளப்போடது, ஒண்ணு நீ வாங்கினது, ஒண்ணு அசல். மூணும் ஒரே அச்சு. உன் கையில இருக்கறது பொம்மை. அசல் இதோ!"

"பொய்! நான் பார்த்துத்தான்..."

அவன் பார்வை அவள் கோட்டில் நிலைகுத்தியது. தோள்வரை ரத்தம்.

"இது எப்படி வந்துச்சுங்கறே?" அவள் ஓரடி முன்னால் வந்தாள். "விசாரணை அறையில ஒருத்தரைச் சுட்டாங்க. நான் குறுக்கே விழுந்தேன். காதை உரசிட்டுப் போச்சு. அடுத்தது உரசாது!"

"அக்கா..."

"விரலை அசைச்சே... தொலைஞ்சே!"

அவன் தன் துப்பாக்கியைப் பார்த்தான். அவளுடையதைப் பார்த்தான். மறுபடி தன்னுடையதை. ஆய்வகத்தில் எத்தனையோ துப்பாக்கிகளைக் கையாண்டவன். எது அசலென்று அவனுக்கே தெரியவில்லை!

உதடு கோணியது. துப்பாக்கி கீழே விழுந்தது. முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

அவள் அதைக் காலால் எட்டித் தள்ளவும் இன்ஸ்பெக்டரின் ஜீப் உள்ளே நுழையவும் சரியாக இருந்தது. இரண்டு காவலர்கள் உதவியாளனை அமுக்கினார்கள்.

இன்ஸ்பெக்டர் கீழே கிடந்ததைக் கைக்குட்டையால் எடுத்தார். மேகஸினைக் கழற்றினார். உள்ளே தோட்டாக்கள் மின்னின. அவர் நெற்றியில் வியர்வை பொடித்தது.

"மேடம்... இதுதான் அசல்! அப்ப உங்க கையில?"

அவள் சுவரைப் பார்த்துச் சுட்டாள்.

டப்! வெள்ளைக் குண்டு துள்ளி வந்து அவர் பூட்ஸருகே விழுந்தது.

உதவியாளன் வாயைப் பிளந்தான்.

அப்போதுதான் ஜீப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"தோட்டா போட்ட துப்பாக்கிக்கு எதிர்ல பொம்மையா?" இன்ஸ்பெக்டரின் குரல் கீச்சிட்டது. "அதோட, இதைத் தெருவுல தூக்கிட்டு வர்றதே குத்தமாச்சே மேடம்!"

"தெரியும் சார். அதான் அவசரமா விசாரணைக்குத் திரும்பிப் போறேன்..."

"எதுக்கு?"

"'அனுமதி குடுங்க'ன்னு சாட்சியை மாத்திச் சொல்லத்தான்! அவங்க சட்டத்தை மாத்தி எழுதற வரைக்கும் உங்க கைவிலங்கைப் பையிலயே வெச்சிருங்க சார்!"