இரவல் எண்

எண்மாற்றத்துக்கு இன்னும் மூன்று நிமிடம் இருந்தது. ஆழ்குடியின் நடைக்கூடத்தில் போய்க்கொண்டிருந்தவர்கள் அவரவர் நின்ற இடத்திலேயே தரையில் உட்காரத் தொடங்கினார்கள். அமலி மட்டும் ஓடினாள். வீட்டில் அவள் கணவன் கஸ்பார் தனியாக இருந்தான்.

கரையில் வெயில் மனிதரை வாழவிடாமல் செய்தபின் மன்னார்க் கடலுக்கடியில் கட்டிய ஊர் அது. அங்கே எல்லார் கழுத்திலும் ஒரு மூச்சுப்பட்டை. பட்டை இருக்கும் இடத்துக்குத்தான் காற்றகம் காற்றை அனுப்பும். பட்டையைக் கண்டால்தான் கதவு திறக்கும், விளக்கு எரியும். அதைத் தேடிக் கண்டுபிடிக்க ஓர் எண் வேண்டும். எண்வழங்கி என்ற கணினி ஆறு மணி நேரத்துக்கு ஓர் எண்ணை இரவல் கொடுக்கும், பிறகு அதை வாங்கிக்கொண்டு வேறொன்றைக் கொடுக்கும். மாறுகிற அந்த நாற்பது விநாடி ஊருக்கே காற்று வராது. நல்ல நுரையீரலுக்கு அது ஒன்றுமில்லை, கொஞ்சம் தலை சுற்றும். இருபது வருடம் சங்கு குளித்துக் கெட்டுப்போன கஸ்பாரின் நுரையீரலுக்கு அது தினம் நான்கு முறை வந்துபோகிற சாவு.

அன்று அவள் போய்ச் சேர்ந்தபோது அவன் உதடு நீலம் பாரித்திருந்தது. எண் வந்து, காற்று வந்து, அவன் கண் திறக்க வெகுநேரமானது.

"இப்படியே எத்தன நாளைக்குட்டி ஓடிவருவ?" என்றான்.

அமலிக்கு அதற்குமேல் இருப்புக்கொள்ளவில்லை. எண்வழங்கியைப் பராமரிப்பதே அவள் வேலை. ஒவ்வொரு பட்டையிலும் தொழிற்சாலையில் பொறித்த பிறவிக்குறி ஒன்று உண்டு, அது மாறாது. அந்தக் குறியோடு ஓர் எண்ணைக் கட்டிவைத்துவிட்டால் எண்வழங்கி அதை வேறு யாருக்கும் கொடுக்காது, திருப்பியும் கேட்காது. அலுவலகத்துக்குப் போய் கஸ்பாரின் பிறவிக்குறியை அடித்து, அதற்கெதிரே நூற்றுப்பதினேழு என்று எழுதினாள். ஒரே ஒரு வரி. அடுத்த எண்மாற்றத்தில் ஊரே தரையில் குந்தியிருக்க, கஸ்பார் கட்டிலில் கால்மேல் கால் போட்டுக் கடுங்காப்பி குடித்துக்கொண்டிருந்தான்.

பக்கத்து வீட்டுக்காரி அதைப் பார்த்துவிட்டாள். மறுநாள் கைக்குழந்தையோடு வந்து நின்றாள். அவளிடம் எப்படி மாட்டேன் என்பது? பிறகு இளைப்புக்காரர் ஒருவர், பிறகு பிள்ளைத்தாய்ச்சி, பிறகு ஒரு நோயும் இல்லாதவர்கள். ஊர்த்தலைவர் பிலவேந்திரன்கூட வந்து, "நமக்கும் நல்ல நம்பரா ஒண்ணு பாத்துப் போடும்மா" என்றார். பிறர் எண்ணை யாரும் அவிழ்த்துவிடக் கூடாதென்று, கட்டி வாங்கியவர் விரல் வைத்தால்தான் கட்டு அவிழும் என அமலியே ஒரு விதியும் வைத்தாள். ஒரு மாதத்தில் எண்வழங்கியிடம் இருந்த இருநூற்றைம்பத்து நான்கு எண்களும் தீர்ந்தன. வெளியூரில் படிக்கும் மகனுக்கு ஒன்று, ஊரைவிட்டுப் போன தம்பிக்கு ஒன்று, கைவசம் இருக்கட்டுமென்று மாற்றுப்பட்டைக்கு ஒன்று. அமலி மட்டும் அவ்வப்போது பட்டியலைத் திறப்பாள். காலி எண் எதுவும் இருக்காது. மூடுவாள். மனசு கேட்காமல் மறுபடி திறப்பாள்.

ஐப்பசியில் ஒரு பிற்பகல் மேலே புயல் அடித்தது. கவிழ்ந்த படகிலிருந்து பத்தொன்பது பேர் கடல்மட்டத்துக்கு வந்துபோகும் ஊரின் ஏறுகூண்டைப் பிடித்து நுழைவறைக்குள் இறங்கிவிட்டார்கள். அங்கிருந்த பட்டைகளை எடுத்துக் கழுத்தில் மாட்டினார்கள். உள்கதவு திறக்கவில்லை. 'எண் இல்லை' என்றது பட்டை. நுழைவறையில் அரைமணி நேரக் காற்று இருந்தது.

பிலவேந்திரன் ஒலிபெருக்கியில் கெஞ்சினார். "ஊர்ல இல்லாதவங்க நம்பர மட்டும் விட்டுக் குடுங்க மக்கா. பத்தொம்பது உசுரு."

"எம் மவன் வெள்ளிக்கிழம வந்துருவான். வந்தா அவன் எங்க போவான்?" என்றது ஒரு குரல். "மொதல்ல அடுத்த வீட்ல கேளுங்க" என்றது இன்னொன்று. இருபது நிமிடத்தில் நான்கு பேர் விரல் வைத்தார்கள். நான்கு பேர் உள்ளே வந்தார்கள். கண்ணாடிக்கு அந்தப்பக்கம் மற்றவர்கள் தட்டுவதை நிறுத்தியிருந்தார்கள்.

தனித்தனியாக அவிழ்க்க அமலியால் முடியாது. ஆனால் பட்டியலையே அழிக்கலாம். அழித்தால் எண்வழங்கி முதலிலிருந்து தொடங்கும். ஊரில் அப்போது பட்டை மாட்டியிருப்பவர்களுக்கு மட்டும் எண் கொடுக்கும். அதற்கு இரண்டு நிமிடமாவது ஆகும், அதுவரை யாருக்கும் காற்று வராது. அவள் கஸ்பாரை அழைத்தாள். பட்டியலையே அழிக்க வேண்டியிருக்கும் என்றாள்.

"கேட்டுட்டுத்தான் இருந்தேன். அழிச்சிரு" என்றான் அவன்.

"ரெண்டு நிமிசங்க..."

"கடலுக்குள்ள மூச்சடக்குனவன்ட்டி நா. நீ பேசுற நேரத்துல அங்க ஒருத்தன் போயிருவான். அழி."

அழித்தாள்.

விளக்குகள் அணைந்தன. காற்றின் இரைச்சல் நின்றது. இருட்டில் நாற்காலியைப் பிடித்தபடி அமலி ஒன்று, இரண்டு என்று எண்ணினாள். நூற்று நாற்பதில் எங்கோ உள்கதவு திறக்கிற சத்தம் கேட்டது. அவள் வீட்டுக்கு ஓடினாள். கஸ்பார் நினைவில்லாமல் கிடந்தான். நெஞ்சில் கைவைத்து அழுத்தினாள், வாயில் ஊதினாள், திட்டினாள், மறுபடி ஊதினாள். ஒரு பெருமூச்சோடு அவன் திரும்பி வந்தான். நுழைவறையிலிருந்தும் எல்லோரும் உயிரோடு வந்திருந்தார்கள்.

மறுநாள் காலை அலுவலகத்துக்கு முதலில் வந்தவன், அந்தப் பத்தொன்பது பேரில் ஒருவனான சிலுவை. கண்ணாடியில் அடித்து அடித்து அவன் கை வீங்கியிருந்தது. கும்பிட்டான், அழுதான். போவான் என்று பார்த்தால் போகவில்லை.

"யக்கா, எங்க பத்தொம்பது பேரு நம்பரையும் மாறாத மாதிரி கட்டிப் போட்ருங்க. இன்னொருக்கா அந்தக் கதவுக்கு வெளிய நிக்க முடியாதுக்கா."

"அப்படிக் கட்டிப்போட்டதாலதாம்ப்பா நீங்க வெளிய நின்னிய. இனி யாருக்கும் கட்டுறதில்ல."

சிலுவை அவள் தோளுக்குமேல் திரையைப் பார்த்தான். பட்டியலில் ஒரே ஒரு வரி இருந்தது. அன்று விடியற்காலை, கஸ்பார் தூங்கும்போது, அவள் எழுதியது.

"அப்ப அது யாருதுக்கா?" என்றான். கோபமாகக் கேட்கவில்லை; தெரிந்துகொள்ளத்தான் கேட்டான்.

அவனுக்குப் பின்னால் நடைக்கூடத்தில் ஆட்கள் வந்து நிற்கத் தொடங்கியிருந்தார்கள். அமலி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கையை நீட்டினாள்.

"பட்டையக் கழட்டிக் குடு, பிறவிக்குறி பாக்கணும்" என்றாள்.