எட்டு மணி நேரம் திறக்கக் கூடாது

அந்த அழுகிய முட்டை நாற்றம் தன்னிடமிருந்துதான் வருகிறது என்று அவர் முதலில் நினைத்தார். மனைவி போய்ச் சேர்ந்து பதினொரு மாதம் ஆகிறது. தனியாகக் கிடக்கிற ஆம்பிளையின் வீட்டில் என்னதான் நாறாது? சட்டையை முகர்ந்து பார்த்தார், ஃப்ரிட்ஜிலிருந்த டப்பாக்களை ஒவ்வொன்றாகத் திறந்து முகர்ந்தார், குப்பைக்கூடையைக் கழுவிக் கவிழ்த்தார். மறுநாள் விடிகாலையில்தான் விஷயம் புரிந்தது. டைமர் சொன்ன நேரத்துக்குப் புல்வெளித் தெளிப்பான்கள் பன்னிரண்டும் மண்ணுக்குள்ளிருந்து தலை நீட்டி, நெஞ்சில் சளி கட்டியவர்களைப் போல ஒருமுறை இருமிவிட்டு, தண்ணீரைச் சுழற்றியடிக்க ஆரம்பித்தன. அந்த ஈரத்தோடு வாடை ஜன்னலேறி வந்து, காலியாகக் கிடந்த பக்கத்துத் தலையணையில் இறங்கியது.

அன்று மாலை மகள் போன் செய்தாள். வழக்கம்போல ஸ்பீக்கரில் போட்டு, புல்வெளியில் உட்கார்ந்துதான் பேசினார்.

"சனிக்கிழமை மூணு மணிக்கு வந்துடுவோம்பா. ஒரு வாரம் இருப்போம். புள்ளை இப்பவே ஸ்பிரிங்க்ளர்ல நனையணும்னு குதிக்குது. தோட்டத்துல நாத்தம் கீத்தம் இருந்தா மட்டும் சொல்லிடுங்க. அவளுக்கு இப்பதான் மூச்சிரைப்பு அடங்கியிருக்கு. இன்னொரு தடவை வர்றோம்."

"நாத்தமா? இங்கயா? சேச்சே!"

கூசாமல் பொய் சொன்னார். சொல்லாமல் என்ன செய்வது? முப்பது வருஷம் ஆஸ்பத்திரி எக்ஸ்ரே அறையில், "மூச்சை இழுங்க, அப்படியே நிறுத்துங்க" என்று நாளைக்கு நூறு பேரிடமாவது பேசிய வாய் அது. இப்போது அதற்கு டீவிதான் துணை. அதுவும் பதில் சொல்லித் தொலைக்காது. ஒரு வாரம். நாலு வயசுப் பேத்தியின் சத்தம் ஒரு வாரம் இந்த வீட்டில் கேட்கும் என்றால் ஆயிரம் பொய்கூடச் சொல்லலாம்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு ப்ளம்பர் வந்தான். வால்வுப் பெட்டியைத் திறந்ததுமே மூக்கைச் சுளித்தான்.

"போர் தண்ணி சார். பைப்புக்குள்ள ஓடாம தேங்கிக் கிடந்தா இருட்டுல கிருமி வளரும். அதோட வாடைதான் இது. ப்ளீச் ஊத்தி மூடி வெச்சா உள்ள இருக்கிறது எல்லாம் செத்துடும்."

"எல்லாமுமா?"

"எல்லாமுமே சார்," என்று சிரித்தான்.

ஊற்றினான். பிரதான வால்வை இறுக்கினான். பிறகு, கசிவு இருக்கிறதா என்று பார்க்க, ஒரு நீளமான திருப்புளியின் முனையைக் குழாய்மேல் ஊன்றி, பிடியைக் காதோடு வைத்துக் கேட்டான். அந்தத் தொழிலில் அப்படித்தான். தண்ணீர் எங்கே ஒழுகினாலும் இரும்பு சொல்லிவிடுமாம். அவன் ரொம்ப நேரம் கேட்டான். காதைத் துடைத்துக்கொண்டு மறுபடி கேட்டான். முகத்தில் சிரிப்பு இல்லை.

"என்ன தம்பி, ஒழுகுதா?"

"இல்ல சார்." எழுந்துகொண்டான். "எட்டு மணி நேரம் திறக்காதீங்க. மூணு மணிக்கு நானே வந்து திறந்து விடறேன். நடுவுல என்ன கேட்டாலும் திறக்காதீங்க."

என்ன ஆனாலும் என்று சொல்லவில்லை. என்ன கேட்டாலும் என்றான். திருப்புளியைப் புல்லிலேயே விட்டுவிட்டுப் போயும் விட்டான்.

வீடு அமைதியாக இருந்தது. படுக்கைக்குப் புது விரிப்பு போட்டார், பொம்மைக் கூடையைத் தூசி தட்டினார், கடிகாரத்தைப் பார்த்தார். வானம் மப்பாக இருந்தது. புல்வெளியில் ஒரு குருவிகூட இறங்கவில்லை. இரண்டு மணிக்குமேல் அவரால் உள்ளே இருக்க முடியவில்லை. அப்படி என்னத்தைக் கேட்டான் அவன்?

மண்டியிட்டுத் திருப்புளியைக் குழாயில் ஊன்றினார். பிடியில் காதை வைத்தார்.

முதலில் தன் நெஞ்சுத் துடிப்பு. அப்புறம் ஏதோ நீர் அசைகிற சத்தம்.

"ஏங்க."

திருப்புளி நழுவியது. மறுபடி பிடித்துக்கொண்டார்.

"ஏங்க, கண்ணு எரியுதுங்க."

சோப்பு கண்ணில் பட்டால் குளியலறையிலிருந்து இதே குரலில்தான் கூப்பிடுவாள். அதே கெஞ்சல். அதே பாதிக் கோபம். அவர் ஓவென்று அழுதார்.

"நீயா? நீதானா?"

"எரியுதுங்க. திறங்களேன்."

"மூணு மணிக்கு..."

"புள்ளை வந்துடுச்சா?"

அவள் பேத்தியைச் சிட்டு என்றுதான் கூப்பிடுவாள். ஒருநாளும் புள்ளை என்று சொன்னதில்லை. அது அவருக்குத் தோன்றத்தான் செய்தது. கண் எரிகிறவளிடம் போய் இதையெல்லாம் கேட்பார்களா என்று தள்ளிவிட்டார். பதினொரு மாதம் கழித்து ஒருத்தி கூப்பிட்டிருக்கிறாள். உள்ளே ஓடிப் போய் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு வந்தார், அவள் முகம் துடைக்க.

வால்வைத் திறந்தார்.

பன்னிரண்டு தலைகளும் எழுந்தன. இருமின. கறுப்பாக ஏதோ கக்கின. பிறகு தண்ணீர். பன்னிரண்டு பக்கமிருந்தும், புல்வெளி முழுக்க.

நடுவில் ஓரிடத்தில் மட்டும் தண்ணீர் தரைக்கு வரவில்லை.

எதன்மீதோ பட்டது. பட்டு, வழிந்தது. தோள்போல ஒரு வளைவு. கைபோல ஒன்று. அங்கே கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை, வழிகிற நீரைத் தவிர.

"வந்துட்டியா," என்று துண்டை நீட்டிக்கொண்டு இரண்டடி வைத்தார். அண்ணாந்து பார்த்தார்.

அவர் மனைவி அவர் தோள் உயரம்தான்.

தண்ணீர் கூரைக்கு மேலிருந்து வழிந்துகொண்டிருந்தது.

ஓடினார். வால்வை மூடினார். மூடியது. இறுகியது. தண்ணீர் நிற்கவில்லை.

வாசலில் கார் ஹார்ன்.

"சீக்கிரமே வந்துட்டோம்பா!" டிக்கியிலிருந்து பெட்டியை இறக்கிக்கொண்டே மகள் சிரித்தாள். "ஏய், செருப்பைக் கழட்டிட்டுப் போய் நனைடி!"

கேட் திறந்தது. சின்னக் கால்கள் ஈரப்புல்லில் ஓடின. கத்த வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது.

பேத்தி புல்வெளி நடுவில் போய் நின்றாள். மேலே பார்த்தாள். இன்னும் மேலே. அவளுக்குச் சிரிப்பு வந்தது.

"பாட்டி!"

இரண்டு கைகளையும் உயரத் தூக்கினாள்.

அவள் பாதங்கள் மெல்லப் புல்லை விட்டு மேலெழுந்தன.