தறி எண் பூஜ்யம்

அழித்த விதி திரும்பி வந்திருந்தது.

காலையில் ஸுபத்ரா தன் கையாலேயே அழித்தது. மத்தியானம் இரண்டு மணிக்குத் திரையைப் பார்த்தால், பழைய இடத்திலேயே ஒன்றும் அறியாத பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தது: "தறி 0, செய்தியை ஏற்றுக்கொள்."

காஞ்சிபுரத்துப் பட்டு நிறுவனம் ஒன்றின் கடை, சாயப்பட்டறை, சுற்றுவட்டார நெசவாளர்களின் செல்போன் எல்லாவற்றையும் ஒன்றோடொன்று பேசவைக்கும் மென்பொருள் அவள் பொறுப்பு. எந்தச் செய்தி யாருக்குப் போகலாம், பதில் வராவிட்டால் எத்தனை முறை அனுப்புவது, அப்புறம் யாருக்குத் தள்ளிவிடுவது என்பதற்கெல்லாம் விதிகள் உண்டு. எதையும் நிறுத்தாமல் ஓட ஓடவே அவற்றை மாற்றலாம். அந்த வசதிதான் வினையாக வந்தது. வைகாசி முகூர்த்த நெரிசலில் பாதித் தறிகளுக்குப் பதிவு எண் வரவில்லை என்று, பதிவில்லாத தறியின் செய்தியையும் ஏற்கும்படி அவள்தான் விதியைத் தளர்த்தினாள். அப்புறம் இறுக்கிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். சுத்தமாக மறந்துபோனாள்.

தறி 0 என்று ஒரு தறியே கிடையாது. மூன்று வருஷத்துக்கு முன், 2003இல், சோதித்துப் பார்க்க அவளே கற்பனையாகப் பதிந்து, அப்புறம் நீக்கியது. விலாசம் கேட்டதால் அலுவலகத்தின் பின்கட்டு அறையைப் போட்டிருந்தாள். பூட்டிக் கிடக்கும் அறை.

திங்கட்கிழமையிலிருந்து அந்தத் தறி செய்தி அனுப்புகிறது. "பாவு தயார். பிணைக்க ஆள் வேண்டும்." ஒரு பாவு, அதாவது தறியில் நீளவாக்கில் ஏற்றிய இழைகள், நெய்து முடிகிற நேரத்தில் பழைய இழைகளை அறுத்து எறிய மாட்டார்கள். ஒவ்வொன்றின் முனையோடும் புது இழை ஒன்றை விரலால் முறுக்கிச் சேர்ப்பார்கள். ஆயிரக்கணக்கான இழைகள். அதில் கைதேர்ந்த மூன்று பேர் பட்டியலில் இருந்தார்கள். தென்னேரி ஆதிகேசவன் திங்களன்று "வரேன்" என்று பதில் போட்டார். வீடு திரும்பவில்லை. செவ்வாயன்று திருப்புட்குழி பட்டம்மாள். அந்த அம்மாளும் திரும்பவில்லை. மிச்சம் இருப்பது அபிநயா. ஆறு மாதக் கைக்குழந்தைக்காரி.

அன்று வரதர் கோயிலில் தேர். அலுவலகமே சின்ன காஞ்சிபுரத்துக்குப் போயிருந்தது. தூரத்து மேளத்துக்கு நடுவே, பின்கட்டிலிருந்து தறி ஓடுகிற மாதிரி இன்னொரு சத்தம் மெல்லக் கேட்டது. ஈரப் பட்டும் புளித்த கஞ்சியும் கலந்த வாடை கதவிடுக்கில் நுழைந்து, ஏசி காற்றையும் மீறி அவள் மேசைவரை வந்து நின்றது.

டக். டக்.

மேலாளர் தணிகாசலத்துக்குப் போன் போட்டாள். "சார், சர்வரை நிறுத்தறேன். ரெண்டு பேரைக் காணோம்."

"போலீஸ் தேடிக்கினு இருக்குதும்மா. முகூர்த்த நேரத்துல ஓடிக்கினு இருக்கிறத நிறுத்தாத. யார் பதில் சொல்றது?"

"நான் சொல்லிக்கறேன்," என்று வைத்துவிட்டாள். போய் சர்வரின் வயரைப் பிடுங்கினாள். மின்விசிறிகளின் இரைச்சல் அடங்கியது. திரை அணைந்தது.

பிறகு தானாகவே ஒளிர்ந்தது. பட்டியல் அப்படியே இருந்தது.

அவளுக்குப் பயம் வந்தது. அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது. நான் வைத்த பெயர், நான் போட்ட விலாசம், என்னிடமே வாலாட்டுகிறதா?

எழுந்து பின்கட்டுக்குப் போனாள். துருப்பிடித்த பூட்டு பூட்டியபடியே இருந்தது. வாசலில் இரண்டு ஜோடிச் செருப்பு. ஒன்று ஆம்பிளைச் செருப்பு, குதிகால் தேய்ந்தது. இன்னொன்று சின்னது. இரண்டும் உள்ளே போகிறவர்கள் கழற்றிவிட்ட மாதிரி கதவைப் பார்த்து இருந்தன.

செல்போன் அடித்தது. அபிநயா.

"அக்கா, பாவு பிணைக்க வரச் சொல்லி மெசேஜ் வந்துக்கினே இருக்குது. ரெண்டு தபா வந்துட்டுது. ஆபீஸ் பின்னாடி ரூம்தானே? கொழந்தைய அம்மாகிட்ட உட்டுட்டு வரட்டா?"

"வராதே. பதிலும் போடாதே."

"மூணாவது தபாவும் பதில் போடலைன்னா லிஸ்ட்ல இருந்து எடுத்துடுவீங்களாமே?"

"அந்த லிஸ்ட் என்னுது. உன்னை யாரும் எடுக்க முடியாது. போனை அணைச்சுட்டுக் குழந்தையைத் தூக்கிக்கோ."

ஓடி வந்து உட்கார்ந்தாள். மூன்றாவது செய்தி போக இன்னும் நாற்பது விநாடி. விதியை அழித்தாள். வந்தது. அழித்தாள். வந்தது. பாவு இழை மாதிரிதான், அறுக்க விடாது. அப்போதுதான் உறைத்தது: சேர்த்தால் ஒருவேளை நிற்கும். பழைய விதியின் வாலில் புதிதாக ஒன்றைச் சேர்த்தாள்.

"தறி 0 அனுப்பும் செய்தி ஸுபத்ராவுக்கு மட்டும். வேறு எவருக்கும் எக்காலத்திலும் போகக் கூடாது."

நின்றது. மூன்றாவது செய்தி அபிநயாவுக்குப் போகாமல் அவள் செல்போனில் வந்து விழுந்தது.

பாவு தயார். பிணைக்க ஆள் வேண்டும்.

"வர மாட்டேன். யாரும் வர மாட்டார்கள்," என்று அடித்து அனுப்பினாள்.

பின்கட்டுச் சத்தம் நின்றது.

மேளமும் கேட்கவில்லை. வாடை மட்டும். மிக அருகில். செல்போன் இன்னொரு முறை அதிர்ந்தது.

வர வேண்டாம். எட்டிவிட்டது.

பின்னலை யாரோ மெல்ல இழுத்தார்கள்.

திரும்பினாள். யாரும் இல்லை. பின்கட்டுக் கதவின் அடியிலிருந்து அரக்குப் பட்டு இழைகள் தரையோடு ஓடிவந்து, நாற்காலியில் ஏறி, அவள் பின்னல் நுனியில் முடிந்திருந்தன. ஒரு முடிக்கு ஓர் இழை. நூறு. இருநூறு. ஒவ்வொன்றும் அழகாக முறுக்கியிருந்தது. கைதேர்ந்த வேலை.

இழை இறுகியது. நாற்காலி ஓரடி நகர்ந்தது.

மேசைமேல் கத்தரிக்கோல் இருந்தது. எடுத்தாள். "மாட்டேன்," என்று உரக்கச் சொன்னாள். ஒரே வெட்டு. பின்னலில் பாதி தரையில் விழுந்தது.

கதவடியில் நான்கு கைகள் வெளியே வந்தன. இரண்டு தடித்த கைகள். இரண்டில் கண்ணாடி வளையல். விரல் நுனிகள் தேய்ந்து எலும்பு வெளுத்திருந்தது. அவை அவசரப்படவில்லை. அறுந்த இழைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, அவள் தலையில் மிச்சமிருந்த முடியை நோக்கித் தரையோடு நீண்டுகொண்டே வந்தன.

ஸுபத்ரா கத்தரியைத் திறந்து பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.